நாரைகளின் தாய்மொழி

நாரைக்கண்டிகையில் தமிழ், தெலுங்கு இரண்டிலும் கையெழுத்துப் போடத் தெரிந்த ஆள் ஆதிநாராயணன் ஒருவர்தான். நாற்பத்திரண்டு வயது வரை அந்தத் தகுதியால் அவருக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை.

சத்தியவேட்டிலிருந்து இரண்டு மணி நேரம் நடந்தால் ஊர் வந்துவிடும். அறுபது வீடு, ஒரு ஏரி. ஏரிக்குள்ளே நீர்க்கடம்ப மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். கார்த்திகை பிறந்தால் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, வக்கா எல்லாம் கூட்டம் கூட்டமாக வந்து அந்த மரங்களில் கூடு கட்டும். குஞ்சு பொரித்து, வளர்த்து, வெயில் ஏறியதும் கிளம்பிப் போய்விடும். அவை போடுகிற எச்சம் தண்ணீரில் கரைந்து மடை வழியாக வயலுக்குப் பாயும். அந்த ஊர்க்காரர்கள் நெல்லுக்கு எரு போட்டதே இல்லை. அதற்கு நன்றியாகத் தீபாவளிக்கு வெடி போடுவதும் இல்லை. கல்யாண மேளம்கூடக் கரைக்கு அப்பாலேயே நின்றுவிடும். வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு துரை வந்து, இங்கே யாரும் பறவை சுடக்கூடாது என்று பலகை நட்டுவிட்டுப் போயிருந்தார். பலகையைக் கறையான் தின்றுவிட்டது. வழக்கம் மட்டும் நின்றது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு பொங்கல் கழிந்து ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கிய நாயுடுபேட்டை பாலையா, பீங்கானுக்கு வெள்ளைமண் வெட்டும் ஒரு கம்பெனியின் மானேஜர். கூட வந்தவர்கள் ஏரிக்கு மேற்கே மேட்டில் சிவப்புக் கொடிகளை நட்டுக்கொண்டே போனார்கள். மடையை ஒட்டி முதல் வயலுக்குச் சொந்தக்காரியான சந்திரம்மா களைக்கொத்தோடு போய் நின்றாள்.

"இன்னாய்யா, எங்க மேட்டுல கொடி நட்டுக்கினு கீறீங்க?"

"பயப்படாதம்மா. இது சுரங்கம் காது, சுரங்கமே இல்ல. பூமிக்குள்ள போகவே மாட்டோம். மேலாவே வெட்டுவோம். பாறைத்தட்டுக்கு வெடி வெச்சி எடுத்துட்டு, அடியில கீற வெள்ளைமண்ண வாரிக்கினு போயிடுவோம். சும்மா ஒரு பள்ளம், அந்தே, அவ்ளோதான்."

"எம்மாம் பெரிய பள்ளம்?"

பாலையா ஊரைத் திரும்பிப் பார்த்தார். "மீ ஊரு மாதிரி நாலு."

"மண்ணு கழுவுற தண்ணி எங்க போவும்?"

"பள்ளம் எங்க இருக்கோ அங்க போவும்" என்று பாலையா ஏரியைக் காட்டினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

அன்று சாயங்காலமே ஊர் கூடியது. மனு எழுத வேண்டும், இரண்டு மொழியிலும் கையெழுத்துத் தெரிந்தவர்தான் போக வேண்டும் என்று முடிவாயிற்று. ஆதிநாராயணனின் மனைவி யசோதா மட்டும், "இந்த மனுஷன் சந்தைக்குப் போனாலே பாதியை மறந்துட்டு வரும்" என்று சொல்லிப் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஆந்திர ராஜ்ஜியம் தனியாகப் பிரிந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்பது தீரவில்லை. ஊர் ஊராகத் தாய்மொழியை எண்ணிப் பார்த்து, எது பெரும்பான்மையோ அந்தப் பக்கம் தள்ளிவிடுவது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. அது தீரும்வரை எல்லையோரத்து ஏரி குளங்களை யாரும் அவசரப்பட்டு ஒன்றும் செய்துவிடக்கூடாது என்பதற்காகச் சித்தூரில் ஒரு புது அலுவலகம் திறந்திருந்தார்கள். எல்லைப்புற நீர்நிலைகள் தனி அலுவலகம் என்று பெயர். ஏரிக்கரையிலிருந்து ஐந்நூறு கெஜத்துக்குள் ஒரு கூடை மண் அள்ளுவதானாலும் அந்த அலுவலகம் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதித் தர வேண்டும். கம்பெனிக்கு மூன்று வருஷக் குத்தகை கிடைத்துவிட்டது. அந்த ஒரு காகிதம்தான் பாக்கி.

ஆதிநாராயணன் விடியற்காலை பஸ் பிடித்து, புத்தூரில் மாறி, மத்தியானம் சித்தூர் போய்ச் சேர்ந்தார். அலுவலகச் சுவரில் 'நிதானமே நிர்வாகம்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. குமாஸ்தா கோவர்த்தனன் புத்தூர்க்காரர். மனுவை வாங்கிப் படித்தார்.

"தமிழ்ல கீது. தெலுகுலே எழுதிக்கினு வாண்ணா."

அடுத்த வாரம் தெலுங்கில் எழுதிக்கொண்டு போனார்.

"இது தகராறுல கீற கிராமம்னு நேத்து ஆர்டர் வந்துட்சி. ரெண்டு பாஷையிலயும் வேணும்."

நல்லவேளையாகத் தமிழ் மனுவை அவர் எறிந்துவிடவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தார். ஒரு மாதம் கழித்து இரண்டு தபால்கள் வந்தன. தமிழ் மனுவில் 'ஏரி' என்றும் தெலுங்கு மனுவில் 'செருவு' என்றும் இருந்ததால், அவை இரண்டு வெவ்வேறு நீர்நிலைகள் என்று அலுவலகம் கண்டுபிடித்து இரண்டு ஃபைல்களைத் திறந்திருந்தது. ஒரே கரைக்கு இரண்டு நீர்நிலைகள் உரிமை கொண்டாடுவதால், ஏரிக்காக மனுச் செய்த ஆதிநாராயணனுக்குச் செருவுக்காக மனுச் செய்த ஆதிநாராயணன்மேல் ஏதாவது ஆட்சேபணை உண்டா என்று ஒரு தபால் கேட்டது. மற்றது அதையே திருப்பிக் கேட்டது.

யசோதா இரண்டையும் படிக்கக் கேட்டுவிட்டு, "உனக்கு உம்மேல ஆட்சேபணை கீதா?" என்றாள்.

"இல்லன்னுதான் நெனைக்கிறேன்."

"எனக்குக் கீது. எழுதிப் போடு."

அவர் அதை எழுதவில்லை. தனக்குத் தன்மேல் ஆட்சேபணை இல்லை என்று இரண்டு மொழியிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். இரண்டு ஆதிநாராயணன்களும் சமாதானமாகப் போனதைப் பாராட்டி அலுவலகம் ஃபைல்களைச் சேர்த்துக் கட்டியது. அதற்குள் ஏழு மாதம் ஓடிவிட்டது.

இதற்குப் பிறகுதான் அவர் தனி அதிகாரி வீராசாமியை நேரில் பார்த்தார். வீராசாமி மெலிந்த, சுத்தமான மனிதர். மேஜைமேல் பேனாவைத் தவிர ஒன்றும் வைத்திருக்கமாட்டார். பேனாவும் மூடியோடு இருக்கும்.

"ஏமய்யா ஆதிநாராயணா, உங்க ஏரியில எத்தனை பேர் வசிக்கிறாங்க?"

"ஏரியில யாரும் இல்லீங்க. நாரைங்கதான்."

"அப்ப இருக்காங்க. எத்தனை?"

"ரெண்டாயிரம், மூவாயிரம் இருக்கும் சாமி. எண்ணுனதில்ல."

வீராசாமி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எண்ணாம எப்படி? எல்லைத் தகராறுல வசிக்கிறவங்க தாய்மொழிதானே முக்கியம்? உங்க ஊரை எண்ணியாச்சு. ஏரியை எண்ணலை. சட்டத்துல வசிப்பவர்கள்னு போட்டிருக்கு. மனுஷன்னு போடலை. நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

யார் கேட்கப்போகிறார்கள் என்று ஆதிநாராயணன் கேட்க நினைத்தார். ஆனால் அந்த அறையில் கேள்வி கேட்பதற்கென்று தனிப் படிவம் இருந்தது.

ஆக, அந்த மார்கழியில் கோவர்த்தனன் தடித்த ரிஜிஸ்டரோடு வந்து இறங்கினார். கூடு ஒவ்வொன்றுக்கும் கதவிலக்கம் கொடுக்க வேண்டும், குடும்பத் தலைவர் யார் என்று எழுத வேண்டும், ஏழாவது கட்டத்தில் தாய்மொழி. ஊரே கரையில் நின்று எண்ணியது. நூற்றுப் பத்து வரை எண்ணியதும் ஒரு கூட்டம் எழும்பி இன்னொரு மரத்துக்குப் போய் உட்காரும். கோவர்த்தனன் அவற்றை 'வீடு மாறியவர்கள்' என்று குறித்துக்கொண்டார். ஆண் எது பெண் எது என்று சொல்ல ஆளில்லாததால் எல்லாக் குடும்பத்துக்கும் தலைவர் 'வெளியே போயிருக்கிறார்' என்று எழுதப்பட்டது. அது பெரும்பாலும் உண்மைதான். ஒன்று கூட்டில் இருக்கும்போது மற்றது நத்தை தேடிப் போயிருந்தது.

ஏழாவது கட்டத்தில்தான் வண்டி நின்றது.

"இதுங்க இன்னா பாஷை பேசுது?" என்றார் கோவர்த்தனன்.

"கூழைக்கடா எப்பவாச்சும் முனகும்" என்றாள் சந்திரம்மா. "நத்தைகுத்தி வாயே தொறக்காதுய்யா. அலகை அலகோட தட்டும். டக்கு டக்குனு. அதான் அதுக்குப் பேச்சு."

கோவர்த்தனன் யோசித்து, 'தட்டும் மொழி; தந்தி வகையாக இருக்கலாம்' என்று எழுதினார். வீராசாமி அதைப் படித்துவிட்டு மிகவும் மகிழ்ந்து, தந்தி தெரிந்த ஒரு நிபுணரின் கருத்துக்கு அனுப்பிவைத்தார். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: 'செய்தி தெளிவாக இல்லை. அனுப்பியவரை மறுபடி தட்டச் சொல்லவும்.' அதற்குள் நாரைகள் ஊரைவிட்டுப் போய்விட்டிருந்தன. முகவரி விடாமல் போனதால், அடுத்த கார்த்திகை வரை விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.

கார்த்திகையில் அவை தவறாமல் வந்தன. வீராசாமியும் வந்தார். ஏரிக்கரையில் பந்தல் போட்டு, மாவிலை கட்டி, ஒலிபெருக்கி வைத்தார்கள். வேண்டாம் என்று ஆதிநாராயணன் எவ்வளவோ சொன்னார். அரசாங்க விசாரணை என்றால் ஒலிபெருக்கி இருந்தாக வேண்டுமாம். பெட்டியைத் திருகியதும் எழுந்த கிறீச்சில் ஏரியே எழுந்து வானத்தில் நின்றது. சூரியன் மறைந்து பந்தலுக்குள் நிழல் விழுந்தது. வீராசாமி அண்ணாந்து பார்த்துக் கை கூப்பினார்.

"மகா ஜனங்களே! பறவைகளும் எழுந்து நின்று என்னை வரவேற்கின்றன. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷ சர்வீசில் நான் ஒரு தப்பான தீர்ப்புக் கொடுத்தேன் என்று யாராவது சொல்ல முடியுமா? முடியாது. ஏனென்றால் நான் தீர்ப்பே கொடுத்ததில்லை!"

பாலையா கம்பெனி சார்பில் கைதட்டினார். வீராசாமி தொடர்ந்தார்.

"சிலபேர் நான் கம்பெனியின் பக்கம் என்கிறார்கள். சிலபேர் ஊரின் பக்கம் என்கிறார்கள். நான் எந்தப் பக்கமும் இல்லை. எனக்குத் தெரிந்த பக்கமெல்லாம் ஃபைலில் இருக்கிற பக்கம்தான். இந்த ஏரியின் ஃபைலில் இன்று அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஏரியின் ஆழத்தைவிட இது அதிகம் என்று என் குமாஸ்தா சொல்கிறார். இதைவிட ஒரு ஏரிக்கு என்ன மரியாதை வேண்டும்? நான் பறவைகளின் விரோதி அல்ல. மத்தியானம் சத்தியவேட்டில் எனக்குக் கௌதாரி சமைத்துப் போட்டார்கள். கேட்டுப் பாருங்கள், ஒரு எலும்பைக்கூட வீணாக்கவில்லை."

சந்திரம்மா எழுந்து நின்றாள். "சாமி, பள்ளம் வெட்டலாமா கூடாதா? அத்த மட்டும் சொல்லு."

வீராசாமி அவளை அன்போடு பார்த்தார். "தாயே, நீங்கள் விஷயத்துக்கு வந்துவிட்டீர்கள். அலுவலகம் இன்னும் அங்கே வரவில்லை."

கூட்டம் அத்துடன் முடிந்தது. நாரைகள் மூன்று நாள் கழித்துத்தான் இறங்கின.

அதே மாதம் அலுவலகம் திருப்பதிக்கு மாறியது. வீராசாமிக்கு ஏதோ ஒரு பிரார்த்தனை இருந்தது. வாரம் ஒரு தரிசனம் என்று வேண்டிக்கொண்டிருந்தாராம். ஃபைல்கள் மட்டும் சித்தூரிலேயே இருந்தன. இனி ஆதிநாராயணன் சித்தூரில் ஃபைல் எண்ணைக் கேட்டுக்கொண்டு திருப்பதிக்குப் போக வேண்டும். அங்கே போனால் அதிகாரி மலைமேல் இருப்பார். மலைமேல் போனால் இப்போதுதான் இறங்கினார் என்பார்கள். அவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுந்தலையோடு திரும்புவானேன் என்று ஆதிநாராயணன் ஒருமுறை முடி இறக்கிக்கொண்டார்.

அதுதான் தப்பாகிவிட்டது. ஃபைலில் அவருடைய அடையாளம் 'கறுப்பு நிறம், அடர்ந்த முடி, இடது புருவத்தில் தழும்பு' என்று பதிவாகியிருந்தது.

"தழும்பு சரி" என்றார் கோவர்த்தனன், மிகவும் வருத்தத்தோடு. "முடி சரியில்ல. மூணுல ரெண்டுதான் ஒத்துப்போவுது. நீ வேற ஆளா இருக்கலாம்."

"ரெண்டு வருஷமா என்னைப் பாத்துக்கினு கீறியேப்பா!"

"எனக்குத் தெரியும்ணா. ஃபைலுக்குத் தெரியாதே."

முடி வளர்கிறவரை வரவேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டதற்கு அவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதைப் போடலாம், அதில் தடையில்லை என்றார்கள்.

வெளியே பெஞ்சில் பாலையா உட்கார்ந்திருந்தார். ஜீப்பில் வந்தபோது இருந்த உடம்பு அவருக்கு இப்போது இல்லை.

"மீகு ஏமி கொடவ? உனக்கு இன்னா தகராறு?" என்று பாலையா கேட்டார்.

"முடி. உங்களுக்கு?"

"மண்ணு. அந்த வெள்ளைமண் எத்தனை தலைமுறையா அந்த மேட்டுல இருக்கு, அதுக்கு அங்க இருக்க உரிமை இருக்கான்னு அத்தாட்சி கேக்குறாங்க. மண்ணுக்கு யாருய்யா அத்தாட்சி குடுப்பான்?" பாலையா தன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, பாதியை நீட்டினார். "துன்னு. நுவ்வும் காலையிலேர்ந்து பட்டினி."

இருவரும் தின்றார்கள். கோங்கூரா என்கிற அந்தப் புளிச்சக்கீரை நன்றாக இருந்ததாக ஆதிநாராயணன் வீட்டில் சொன்னார். எதிரியோடு உட்கார்ந்து தின்றதற்காக யசோதா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அவள் கோபப்பட்டது சரிதான் என்று தை மாதம் தெரிந்தது. கம்பெனி முதலாளிகளுக்குப் பொறுமை போய்விட்டது. பாறை எவ்வளவு கெட்டி என்று பார்க்க ஒரே ஒரு வெடி வைத்தார்கள். பட்டப்பகலில், கூடு நிறையக் குஞ்சுகள் இருந்த நேரம். சத்தம் வந்த கணத்தில் தாய்ப்பறவைகள் எல்லாம் கிளம்பின. கூடுகள் ஆடி, இறக்கை முளைக்காத குஞ்சுகள் காய் உதிர்வதுபோல உதிர்ந்தன. சந்திரம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கூடையில் பொறுக்கிப் பொறுக்கிக் கரையில் போட்டாள். சில உயிரோடு இருந்தன. அவற்றைத் திருப்பி வைக்க எந்தக் கூடு எதனுடையது என்று யாருக்குத் தெரியும்? எழுநூறு கூட்டுக்குக் கதவிலக்கம் கொடுத்த ரிஜிஸ்டர் சித்தூரில் இருந்தது.

மறுநாள் ஆதிநாராயணன் செத்துப்போன மூன்று குஞ்சுகளைப் பூவரசு இலையில் சுற்றி எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போனார். நேராக உள்ளே போய் வீராசாமியின் சுத்தமான மேஜைமேல் வைத்தார்.

வீராசாமி பேனாவை மட்டும் தள்ளி எடுத்துக்கொண்டார்.

"அனுமதியில்லாம வெடி வெச்சிட்டாங்க சாமி."

"அனுமதி மண்ணைத் தொடுறதுக்குத்தான் வேணும். சோதனை வெடி காத்தைத்தான் தொடுது. அது வேற இலாகா." அவர் இலையைப் பார்த்தார். "இவங்க எண்ணிக்கையில வந்தவங்களா?"

"குஞ்சுங்க சாமி. எண்ணும்போது பொறக்கல."

"அப்ப இவங்க நமக்கு வராதவங்க. வராதவங்க எப்படிப் போக முடியும்?" என்றார் வீராசாமி. பிறகு மனம் இரங்கி, "இருந்தாலும் நீ ஆசைப்பட்டுக் கொண்டுவந்துட்டே. இணைப்பு நாலுன்னு போட்டுக்கச் சொல்றேன்" என்றார்.

ஆதிநாராயணன் அதுவரை யாரிடமும் சத்தம் போட்டதில்லை. அன்றும் போடவில்லை. இலையைத் திரும்பச் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பின்பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் கையாலேயே குழி தோண்ட ஆரம்பித்தார். கோவர்த்தனன் பின்னாலேயே வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து தானும் தோண்டினார்.

"ஏண்ணா, தீர்ப்பு சீக்கிரம் குடுங்கன்னு ஏன் அலையிறே?"

"அதுக்குத்தானே வந்தேன்."

"சரி, அய்யா நீ சொல்றாப்புல ஆட்சேபணை உண்டுன்னு கையெழுத்துப் போட்டார்னு வெச்சிக்கோ. மறுநாளே கம்பெனி வக்கீலு அப்பீல் போவான். ஒரு வாரத்துல ஜெயிச்சிட்டு வருவான். ஆட்சேபணை இல்லன்னு போட்டா அன்னிக்கே வெட்டுவான். ஆனா ஒண்ணுமே போடலன்னா?"

ஆதிநாராயணன் நிமிர்ந்தார்.

"தீர்ப்பு இருந்தாத்தானே அப்பீலு? குத்தகை மூணு வருஷம்தான். அறுபதாம் வருஷம் மார்ச்சி கடைசியோட காலாவதி. அதுவரைக்கும் இந்த ஃபைல் மூடாம இருந்தா போதும்." கோவர்த்தனன் மண்ணைத் தள்ளி மூடினார். "நான் சொன்னேன்னு சொல்லாதே. நானும் இந்த ஆபீசுலதான் சோறு துன்றேன்."

அன்றைக்குப் பிறகு ஆதிநாராயணன் வேறு ஆள் ஆனார். எண்ணிக்கையில் வக்கா ஒன்று கூழைக்கடா என்று தவறாகப் பதிவாகியிருப்பதாக ஒரு மனுப் போட்டார். கதவிலக்கம் நானூற்றுப் பதினாறு இரண்டு முறை வருகிறது என்று இன்னொன்று. தெலுங்கு நகலில் ஒரு கொம்பு விட்டுப்போனதால் அர்த்தம் கெடுகிறது என்று மற்றொன்று. கேள்வி கேட்கும் படிவத்தில் கேள்வி எழுத இடம் போதவில்லை என்று ஒரு கேள்வி. எப்போதெல்லாம் விசாரணை முடிவை நெருங்கியதோ, அப்போதெல்லாம் மலையேறி முடி இறக்கிக்கொண்டு வந்து அடையாளம் தெரியாதவராக நின்றார். யசோதா இதைப் பக்தி என்று நினைத்துத் தானும் ஒரு முறை கூட வந்தாள். வீராசாமி அவரை மற்ற மனுதாரர்களுக்கு உதாரணமாகக் காட்டத் தொடங்கினார்.

"பாருங்க, கிராமத்து ஆளு. அவசரம் இல்லை, ஆத்திரம் இல்லை. இவரைப் போல நாலு பேர் இருந்தா இந்த ஆபீசு நூறு வருஷம் நடக்கும்."

இப்படியே ஒரு வருஷம் போயிற்று. எல்லையும் தீர்ந்துவிட்டது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சில கிராமங்கள் அந்தப் பக்கம், சில இந்தப் பக்கம். நாரைக்கண்டிகை ஆந்திராவில் நின்றது. ஏரியின் தெற்குக் கரை மட்டும் சென்னை ராஜ்ஜியத்துக்குப் போயிற்று. எல்லை தீர்ந்தபிறகு எல்லைத் தகராறுக்கான அலுவலகம் எதற்கு என்று யாரோ மேலே கேட்டுவிட்டார்கள். மார்ச் முப்பத்தொன்றாம் தேதியோடு அதை மூடுவதாக ஆர்டர் வந்தது. வீராசாமிக்கு அன்றைக்கே ஓய்வும்.

அன்று ஆதிநாராயணன் போனபோது அலுவலகத்தில் செவ்வந்தி மாலையும் காராபூந்தியுமாக இருந்தது. மாலையோடு உட்கார்ந்திருந்த வீராசாமியின் முகத்தில் ஒரு புது வெளிச்சம்.

"வாய்யா! உனக்காகத்தான் காத்திருக்கேன். சர்வீசு முழுக்க ஒரு ஃபைலைக்கூட நான் முடிச்சதில்லைன்னு நேத்து என் சம்சாரம் சொல்லிட்டா. மனசு கேக்கலை. போறதுக்கு முன்னாடி ஒண்ணை முடிச்சிடப்போறேன். உங்க ஏரிதான்."

எதிரே பாலையா எழுந்து நின்றார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்திருந்தது.

"ரெண்டு விதமாவும் டைப் அடிச்சி வெச்சிருக்கேன்" என்று வீராசாமி இரண்டு காகிதங்களைப் பரப்பினார். "இது ஆட்சேபணை உண்டு. இது ஆட்சேபணை இல்லை. ரெண்டுலயும் நியாயம் இருக்கு. ஆனா உண்டுங்கிறதுல ரெண்டு எழுத்து அடிச்சித் திருத்தியிருக்கு பார். இல்லைங்கிறது கண்ணாடி மாதிரி இருக்கு. என் முதல் தீர்ப்பு, அடித்தல் திருத்தல் இல்லாம இருக்கட்டுமே."

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். கோவர்த்தனன் தலையைக் குனிந்துகொண்டார். கரையில் களைக்கொத்தோடு நின்ற சந்திரம்மா ஆதிநாராயணனின் நினைவுக்கு வந்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பிடித்தால் ஜெயில். அவர் கையைக் கட்டிக்கொண்டு, இருப்பதிலேயே பணிவான குரலில் கேட்டார்:

"சாமி, ரொம்ப சந்தோஷம். ஒரே ஒரு சந்தேகம். நாளைக்குத் தெக்குக் கரை சென்னை கவர்மெண்டுக்குப் போவுது. ஏரி இங்க, கரை அங்க. நாளை மறுநாள் ஏதாச்சும் தகராறு வந்தா ரெண்டு கவர்மெண்டும் யாரைக் கேக்கும்?"

பேனா நின்றது.

"யாரை?"

"கையெழுத்துப் போட்டவரைத்தானே கேக்கணும். ஆபீசு இருக்காது. அவரு வீட்டுக்கே வந்து கேப்பாங்களோ, இன்னாவோ. ஓய்வு வாங்கினவரை ரெண்டு ராஜ்ஜியமும் மாத்தி மாத்திக் கூப்புட்டா வயசான காலத்துல கஷ்டமாச்சேன்னுதான்..."

அந்த அறையில் காராபூந்தி மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. வீராசாமி நெடுநேரம் பேனா முனையைப் பார்த்தார். பிறகு மெல்ல மூடியைப் போட்டார். மூடி பொருந்திய அந்தச் சின்ன 'டிக்' சத்தத்தைப் போல இனிமையான சத்தத்தை ஆதிநாராயணன் அதுவரை கேட்டதில்லை.

"கோவர்த்தனா" என்றார் வீராசாமி. "'இரண்டு அரசுகளின் கருத்தையும் கேட்டு, பெற்று, ஒப்பிட்டு, மறுபடி சமர்ப்பிக்கவும்.' எழுதிக்கோ. கையெழுத்து வேண்டாம். நீயே அதிகாரிக்காகன்னு போட்டுடு."

பாலையா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். குத்தகைக்கு இன்னும் ஏழு மணி நேரம் உயிர் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து அவர் தலையை ஆட்டிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஒரேய், ஆதிநாராயணா! இதி எக்கட நேர்ச்சுகொன்னாவு? எங்கய்யா கத்துக்கிட்டே இதை?"

"ஆபீசு பெஞ்சுல உங்க பக்கத்துல குந்திக்கினு இருந்தப்போதான்" என்றார் ஆதிநாராயணன்.

மறுநாள் காலை அவர் சத்தியவேட்டில் பஸ் இறங்கி நடந்து வருவதற்குள் ஊரே கரைக்கு வந்துவிட்டது. ஏரியில் தண்ணீர் வற்ற ஆரம்பித்திருந்தது. அந்த வருஷத்துக் குஞ்சுகள் மரத்துக்கு மரம் பறந்து பழகிக்கொண்டிருந்தன.

"இன்னாய்யா ஆச்சு?" என்றாள் யசோதா.

"ஒண்ணும் ஆவல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

சந்திரம்மாவுக்கு மட்டும் பாதி புரிந்தது. அவள் முன்னால் வந்து, கண் பளபளக்க, "அப்போ நாம ஜெயிச்சிட்டோமாண்ணா?" என்றாள்.

ஆதிநாராயணன் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார். "சத்தம் போடாதம்மா. ஜெயிச்சிட்டோம்னு யாராச்சும் எழுதிக்கினா அப்பீல் போவாங்க."

சந்திரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கு நாரைக்கண்டிகையில் அறுபது வீட்டிலும் பாயசம். எதற்கென்று யாரும் யாரையும் கேட்கவில்லை.